வெட்பாலையா, குடசப்பாலையா?

பங்குனி பிற்பாதியில் தொடங்கி வைகாசி முடியும்வரை உத்தமபாளையத்தைச் சுற்றியுள்ள கரடுகளில் வெள்ளைப் பூக்களின் ஆட்சி நடக்கிறது. கொன்றை மஞ்சளாகக் கண்ணைப் பறித்துக்கொள்வதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்கிற சிலரும் "ஏதோ காட்டுப் பூ" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஏதோ ஒன்றைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழக்குவதுதான் என் தொழிலாக இருந்தது. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும் இளவேனில் வந்தால் கைலென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பழைய மாணவர்கள், சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள், சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் என்று கூட யாராவது இருப்பார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் மண் இரண்டு விதம். நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். 1895-இல் பெரியாறு அணை திறந்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் அடிமட்டம் இருபோக நெல்லுக்கும் தென்னைக்கும் பிறகு திராட்சைக்கும் மாறிக்கொண்டது. மேட்டுக்கு அந்தத் தண்ணீர் ஏறவில்லை. மேற்கே கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் ஊர்களுக்குப் பின்னால் எழும் மலைச்சுவரின் அடியிலும், கிழக்கே சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சரிவின் கீழ்ப்பகுதியிலும் இன்றும் மழை மறைவின் வறண்ட காடுதான். மாசியில் எலும்பாக நிற்கும் குட்டை மரங்கள், கோடை மழை ஒன்றிரண்டு பெய்ததும் துளிரும் பூவுமாக நிறம் மாறுகின்றன. அப்படி மாறுகிற மரங்களில் முதலிடம் வெட்பாலைக்கு. ஊர்ப்பேச்சில் வெப்பாலை.

இதற்கு ஒரு பங்காளி உண்டு, குடசப்பாலை. இரண்டிலும் ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் ஐந்து இதழ் வெள்ளைப் பூவைக் கொத்தாகப் பூக்கும். இரண்டிலும் நீளமான காய்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கி, வெடித்து, பஞ்சு முளைத்த விதைகளைக் காற்றில் விடும். நாட்டு மருந்துக் கடையில் "வெட்பாலரிசி" என்று கேட்டால் இரண்டில் எதன் விதையும் பொட்டலமாக வரலாம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு மூட்டையாக வருவதை அவர் நிறுத்துக் கொடுக்கிறார்.

ஆனால் மருந்தில் இவை வேறு வேறு. வெட்பாலை இலை தோல் நோய்க்கு, முக்கியமாகக் காளாஞ்சகப்படைக்கு எண்ணெயாகிறது. குடசப்பாலையின் பட்டை சீதபேதிக்கு. அந்தப் பட்டையில் உள்ள கோனெஸ்ஸின் என்னும் கசப்புப் பொருள்தான் அமீபாவோடு மல்லுக்கு நிற்பது. வெட்பாலைப் பட்டையைக் குடசப்பாலைப் பட்டையோடு கலந்து விற்பது மருந்துச் சரக்கு உலகில் பழைய குற்றச்சாட்டு. கலந்தவன் எல்லோரும் ஏமாற்றுக்காரன் என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். "வாத்தியாரய்யா, ஒடிச்சா பால் வருது. அப்ப பாலைதான? இதுக்கு எதுக்கு ஒரு கண்ணாடி?"

"பால் வர்றது கள்ளிலயும் வருதே பெரியவரே."

"கள்ளிக்கு முள்ளு இருக்குல்ல!"

பெரியவர் அறியாமல் சொன்னது சரியான முறை. ஒரு அடையாளத்தை இன்னொரு அடையாளத்தால் வெட்டிக்கொண்டே போவதுதான் இனம் காண்பது. கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவர நூல் 1915-இல் வெளிவரத் தொடங்கி, அவர் 1925-இல் இறந்த பிறகு ஃபிஷர் கையால் 1936-இல் முடிந்தது. அந்த நூல் முழுக்க இப்படிப்பட்ட இரட்டைக் கேள்விகள்தான். இது உண்டா, இல்லையா. உண்டென்றால் அடுத்த கேள்விக்குப் போ. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரக் கூடத்தைத் தொடங்கிய பாதிரியார் கே.எம். மாத்யூ, தமிழகச் சமவெளிக்கும் பிறகு பழனி மலைக்கும் எழுதிய நூல்களிலும் அதே முறை. எங்கள் மலைக்கு வடக்கே இருப்பது பழனி மலைத் தொடர் என்பதால் அவருடைய நூல் எங்களுக்கு அண்டை வீட்டுக் கணக்குப் புத்தகம் போலப் பயன்படுகிறது.

சித்திரைக் கரட்டில் வெள்ளைப் பூ ஒன்றைக் கண்டால் நான் முதலில் காம்பைக் கிள்ளுவேன். பால் வரவில்லை என்றால் பாலை வகையை மறந்துவிடலாம். அந்தப் பூ பெரும்பாலும் பாவட்டையாகவோ சுளுந்தாகவோ இருக்கும். இரண்டும் இதே பருவத்தில் வெள்ளையாக, மணமாகப் பூப்பவை. இரண்டிலும் இதழ் நான்கு. எதிரெதிர் இலைகளுக்கு நடுவே தண்டில் ஒரு சிறு முக்கோணச் செதில் ஒட்டியிருக்கும். பாவட்டை இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கரும்புள்ளிகள் தெரியும்; அவை பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள். பூவின் நடுவிலிருந்து சூல்தண்டு ஊசியாக வெளியே நீண்டிருக்கும். சுளுந்தில் அந்தக் கரும்புள்ளி கிடையாது. காய்ந்த குச்சி தீப்பந்தமாக எரியும். காட்டு மல்லிகைக் கொடியிலும் பால் இல்லை. இவ்வளவையும் ஒரு கிள்ளில் ஒதுக்கிவிடலாம் என்றால் கிள்ளாமல் எப்படி இருப்பது?

பால் வந்தால் அடுத்து முள். முள் இருந்து, இலை சிறிதாகத் தடித்து இருந்தால் அது களா. முள் இல்லாமல், இலைகள் ஒரே கணுவில் வட்டமாக ஏழெட்டு நின்றால் ஏழிலைப்பாலை. அது பூப்பது மழைக்காலத்துக்குப் பிறகு, ஆகவே சித்திரையில் தொல்லை இல்லை. இதழ்கள் காற்றாடியாகச் சுழன்று, பூ தனியாகப் பெரிதாக இருந்தால் நந்தியாவட்டை பக்கம் போக வேண்டும். இத்தனையும் கழிந்து, எதிரெதிர் இலை, வெள்ளைப் பால், முள்ளில்லாக் கிளை, நுனியில் வெள்ளைக் கொத்து என்று மிஞ்சினால் வெட்பாலையும் குடசப்பாலையும் மட்டும் களத்தில் நிற்கும்.

இங்கேதான் பலரும் இலையை வைத்துத் தீர்ப்புச் சொல்லப் பார்க்கிறார்கள். குடசப்பாலை இலை பெரிது, அகலம். பக்க நரம்புகள் புடைத்து வளைந்து ஓடும். வெட்பாலை இலை சிறிது, ஒடுங்கி நுனி கூராக முடியும். புத்தகத்தில் இது சரி. காட்டில் வெட்டுப்பட்ட கட்டையிலிருந்து தழைக்கும் துளிரில் வெட்பாலை இலையே அளவுக்கு மீறி வளர்ந்திருக்கும். வறண்ட பாறையிடுக்கில் நிற்கும் குடசப்பாலையில் இலை சுருங்கியிருக்கும். இலை சாட்சி சொல்லலாம், தீர்ப்பு சொல்லக் கூடாது. மணமும் அப்படித்தான். இரண்டு பூவும் மணக்கும். மூக்கை நம்பி எழுதிய குறிப்பு எதுவும் என்னிடம் நிலைத்ததில்லை.

தீர்ப்பு பூவின் வாயில் இருக்கிறது.

வெட்பாலைப் பூவை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஐந்து இதழ்களும் விரிந்து பின்னால் சற்று மடங்கியிருக்கும். இதழ்கள் சேரும் இடத்தில், உட்பக்கமாக, நூல் நூலாகக் கிழிந்த வெள்ளைச் செதில்கள் ஒரு வட்டமாக எழுந்து நிற்கும். வெறுங்கண்ணுக்குப் பூவின் நடுவில் குஞ்சம் கட்டியது மாதிரி தெரிவது இதுதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகப் பிரியும். அந்தக் குஞ்ச வட்டத்தின் நடுவிலிருந்து மகரந்தப்பைகள் ஐந்தும் ஒன்றையொன்று சாய்ந்து, சூல்முடியோடு ஒட்டி, ஒரு கூம்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு பூவைப் பக்கவாட்டில் திருப்புங்கள். இதழுக்குக் கீழே இருக்க வேண்டிய குழாய் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு குட்டைக் குழாய், அவ்வளவுதான்.

குடசப்பாலைப் பூவை அதே மாதிரிப் பிடித்தால் நடுவில் ஒன்றும் இல்லை. குஞ்சம் இல்லை, கூம்பு இல்லை. ஒரு சிறு துளை, அதன் ஓரத்தில் மெல்லிய ரோமம். பக்கவாட்டில் திருப்பினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட ஒல்லியான குழாய் தெரியும். மகரந்தப்பைகள் அந்தக் குழாயின் அடியில் ஒளிந்திருக்கும். நகத்தால் கிழித்துப் பார்த்தால்தான் அகப்படும்.

இதைக் காட்டும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கே நான் மலைக்குப் போகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். கேலியில் உண்மை இருக்கிறது. அதுவரை இரண்டும் ஒன்றுதானே என்றிருந்தவர்கள், இரண்டு பூவையும் இரண்டு கையில் வைத்து ஒருமுறை பார்த்த பிறகு, இதை எப்படிக் குழப்பிக்கொண்டோம் என்று கேட்கிறார்கள். பழைய தாவர நூல்கள் இவற்றை ஒரே அரளிக் குடும்பத்தின் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருந்ததற்குக் காரணமும் இதுதான். மகரந்தப்பைகள் சூல்முடியோடு ஒட்டிக்கொள்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதில்தான் அந்தப் பிரிவினை தொடங்கியது. பார்வைக்கு அண்ணன் தம்பியாகத் தெரிந்தாலும் பூவின் அமைப்பில் இவை தூரத்து உறவுதான்.

லென்ஸில் பழகியவர்களுக்கு இன்னொரு விளையாட்டு. விரியாத மொட்டைப் பாருங்கள். இதழ்கள் ஒன்றன் விளிம்பை ஒன்று மூடி முறுக்கிக்கொண்டிருக்கும். வெட்பாலையில் முறுக்கு ஒரு திசையில் என்றால் குடசப்பாலையில் எதிர்த் திசையில். இடம், வலம் என்று எழுதிவைத்தால் எந்தப் பக்கமிருந்து பார்த்தது என்று பிறகு சண்டை வரும். ஆகவே இரண்டு மொட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

பூ இல்லாத மாதங்களுக்குக் காய். வெட்பாலையின் இரண்டு காய்களும் காம்பில் பிரிந்து, ஒரு முழம் வரை தொங்கி, நுனியில் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும். முற்றி வெடிக்கும் சமயத்தில்தான் அந்த நுனி விடுபடும். குடசப்பாலையில் இரண்டு காயும் நுனியில் ஒட்டுவதில்லை. ஆளுக்கொரு பக்கமாகத் தொங்கும், தோலில் வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருக்கும். எங்கள் பருவத்தில் ஒரு வசதி உண்டு: போன வருடத்துக் காய்ந்த காய் சில மரத்திலேயே தங்கியிருக்கும்போது இந்த வருடப் பூ வந்துவிடும். பூவையும் காயையும் ஒரே மரத்தில் பார்க்க முடிகிற அந்த ஒன்றிரண்டு வாரங்களை நான் விடுவதில்லை. பூவால் பெயர் சொல்லிவிட்டு, காயை வைத்து அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விதையின் ருசியையும் சொல்வார்கள். குடசப்பாலை அரிசி கடும் கசப்பு. வெட்பாலை அரிசி அவ்வளவு கசக்காது. வடநாட்டு மருந்துக் கடைகளில் இவற்றைக் கசப்பு இந்திரயவம், இனிப்பு இந்திரயவம் என்றே பிரித்து விற்கிறார்கள். ஆனால் காட்டில் பொறுக்கிய விதையை நாக்கில் வைத்துச் சோதிக்கிற வேலையை நான் யாருக்கும் கற்றுத் தருவதில்லை. அரளியும் இதே குடும்பம். அதுவும் ஜோடிக் காய் காய்க்கும், அதன் விதையிலும் பஞ்சு உண்டு, அது ஆளைக் கொல்லும். ருசிச் சோதனை கடையில் மூட்டை வாங்குகிற அனுபவசாலிக்கு. செடியை நேரில் பார்த்தவருக்கு அது தேவையே இல்லை.

வெட்பாலைக்கு மட்டும் உரிய சோதனை ஒன்று எண்ணெயில் நடக்கிறது. இளம் இலையைக் கையால் கிள்ளி, இரும்பு படாமல், தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். '777' என்ற பெயரில் கடையில் கிடைக்கும் எண்ணெயின் அடிப்படையும் வெட்பாலை இலையும் தேங்காய் எண்ணெயும்தான். இலையில் இண்டிகோ, இண்டிரூபின் போன்ற நிறப்பொருள்கள் உருவாகின்றன. அவுரியில் நீலம் தருவதும் இந்த வகைதான். வில்லியம் ராக்ஸ்பர்க் 1793-இல் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்குப் போவதற்கு முன்பு ஆந்திரக் கடற்கரையில், சாமல்கோட்டைப் பக்கம் வேலை பார்த்தவர். அவர் இந்த மரத்தின் இலையை வெந்நீரில் வேகவிட்டு நீலம் எடுக்கும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். தாவரப் பெயரில் உள்ள டிங்க்டோரியா, சாயத்துக்கு உரியது என்று பொருள்படுவது அதனால்தான். எண்ணெய் ஊதாவாகிவிட்டது என்பதற்காக அதைக் கொண்டு வீட்டிலேயே வைத்தியம் தொடங்கிவிட வேண்டாம். படை எதுவென்று தீர்மானிப்பது மருத்துவர் வேலை. இலை எதுவென்று தீர்மானிப்பது வரைக்கும்தான் நமக்கு உரிமை.

பெயர்களின் வரலாறும் இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் வார்த்திருக்கிறது. 1753-இல் லின்னேயஸ், இலங்கையிலிருந்து வந்த ஒரு செடிக்குச் சீதபேதி நீக்கி என்று பொருள்படும் பெயரை வைத்தார். இந்தியச் சந்தையில் சீதபேதிக்கு ஓடிய பட்டையோ குடசப்பாலையுடையது. இலங்கைச் செடி வெட்பாலையின் பேரினத்தைச் சேர்ந்த சிறு புதர். ராபர்ட் பிரவுன் 1810 வாக்கில் வில்லியம் ரைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் நினைவாக ரைட்டியா என்ற பேரினத்தை ஏற்படுத்தி, வெட்பாலையையும் இலங்கைப் புதரையும் அதில் சேர்த்தார். குடசப்பாலை ஹோலரீனா ஆனது. இருந்தும் சீதபேதிப் பெயர் நெடுங்காலம் குடசப்பாலையின் மீதும் ஒட்டிக்கொண்டிருந்து, மருந்து நூல்களில் இன்றும் அப்படியே அச்சாகிறது. தாவரவியலார் இப்போது ஏற்பது ஹோலரீனா பியூபெசன்ஸ் என்ற பெயரை.

அந்த இலங்கைப் புதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் நர்சரிகளில் வருடம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும் அழகுச் செடியாக விற்பனையாகிறது, வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கிறது. அதன் பூவிலும் நடுவில் குஞ்சம் இருக்கும். அதனால் கையில் மலைப்பூ இல்லாத மாதங்களில் பிள்ளைகளுக்கு ரைட்டியாவின் குஞ்சத்தைக் காட்ட அந்தத் தொட்டிச் செடியைத்தான் பயன்படுத்துகிறேன். அதை மலையில் முளைத்த வெட்பாலை என்று நினைத்து இலை பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு இனம், மருந்தெண்ணெய்க்கு உரியது அது அல்ல.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் பழையது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களில் குடசமும் உண்டு, பாலையும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகத்தான் அவர் வைத்திருக்கிறார். பிற்கால உரையில் குடசம் வெட்பாலை ஆகிறது. பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரம் எது என்பதிலும் வெட்பாலை, உலக்கைப்பாலை, ஏழிலைப்பாலை என்று கட்சிகள் பிரிந்திருக்கின்றன. என் கட்சி வெட்பாலை. வறண்ட வழியோரத்தில், எல்லாம் கருகி நிற்கும் வேனிலில் துளிர்த்துப் பூப்பது எது என்று எங்கள் கரட்டில் ஒரு நடை நடந்தவர்களுக்கு இதில் அதிக ஐயம் வராது. ஆனாலும் நூல் அறிந்தவர்களோடு இதற்காகச் சண்டைக்குப் போக மாட்டேன்.

இன்னொரு உறவினரையும் சொல்லியாக வேண்டும். ரைட்டியா ஆர்போரியா. இலை தொட்டால் பஞ்சு மாதிரி ரோமமாக இருக்கும், பால் மஞ்சள் சாயல் அடிக்கும், பூவின் நடுவில் உள்ள செதில் வட்டம் ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும், ஜோடிக் காய் இரண்டும் நுனியில் மட்டுமல்லாமல் முழு நீளத்துக்கும் ஒட்டி ஒரே காயாகத் தெரியும். வெட்பாலை என்று நினைத்து இலையைத் தொட்டவுடன் விரல் வேறுபாட்டைச் சொல்லிவிடும். இது மேட்டுக் காட்டு மரம், அடிவாரத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இப்போது எல்லோரும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "சார், இது என்ன?" என்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வருவது முழு மரத்தின் படம்; வெயிலில் வெள்ளையாக எரிந்துபோன ஒரு பூக்கொத்து, பின்னால் சிரித்துக்கொண்டு ஒரு நண்பர். அதில் நான் என்ன சொல்ல முடியும்? வெட்பாலை வகைக்கு எனக்குத் தேவை நான்கு கோணங்கள். பூவை நேர் முகமாக. பூவைப் பக்கவாட்டில், குழாய் தெரியும்படி. இலையின் முன்னும் பின்னும். காய் இருந்தால் அதன் நுனி. பூவின் பின்னால் உள்ளங்கையையோ கறுப்புத் துணியையோ வைத்தால் வெள்ளை எரியாது. காலையில் எடுங்கள், புதிதாக விரிந்த பூவில் எடுங்கள்; பழுத்த பூ மஞ்சளடித்துக் குஞ்சம் சுருங்கியிருக்கும். செடியை அடையாளம் சொல்லும் கைபேசிச் செயலிகள் பேரினம் வரைக்கும் பல சமயம் சரியாகப் போகின்றன. அவை சொல்வதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கு இலை பறிக்கிறவர் அதோடு நிறுத்தக் கூடாது.

உலர்த்தி வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் உள்ள செடியைச் செய்தித்தாளில் அழுத்தினால் தாளோடு ஒட்டிக்கொள்ளும். வெட்டிய முனையை மண்ணில் அல்லது சாம்பலில் தொட்டு, பால் நின்ற பிறகு வையுங்கள். முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்றுங்கள். வெள்ளைப் பூ காய்ந்ததும் பழுப்பாகிவிடும். ஆகவே நிறம், மணம், பாலின் நிறம், மரத்தின் உயரம், நின்ற இடம், தேதி ஆகியவற்றை அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒரு பூவைப் பிளந்து தனியாக ஒட்டிவைத்தால் பின்னால் பார்ப்பவர்கள் வாழ்த்துவார்கள். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் சென்னை உலர்தாவரக் கூடத்தில் நூறாண்டுக்கு முந்தைய தாள்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தாளில் செடி நொறுங்கியிருந்தாலும் ஓரத்தில் எழுதிய குறிப்பு பேசும்.

இதற்காகக் காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் ஒரு கிளை ஒடிப்பதும் குற்றம். போகவும் வேண்டாம். வெட்பாலை கோயில் நிலத்தில், கண்மாய்க் கரை மேட்டில், சாலையோரப் புறம்போக்கில் நிற்கிற மரம். ஊருக்குப் பக்கத்தில் சமணர் சிற்பங்கள் உள்ள பாறைக்குப் போகிறவர்கள் சிற்பத்தைப் பார்த்துவிட்டு இறங்கும்போது சுற்றியுள்ள மரங்களையும் ஒருமுறை பாருங்கள். குடசப்பாலை இன்னும் கொஞ்சம் ஈரம் கேட்கும். ஓடைச் சரிவு, மண் ஆழமான இலையுதிர் காடு அதற்குப் பிடிக்கும். மலைப்பாதையில் வண்டியை நிறுத்த அனுமதி உள்ள இடங்களில் ஓரத்தில் நின்றே அதன் நீண்ட குழாயைப் பார்த்துவிடலாம்.

எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். வெட்பாலையின் மரம் வெள்ளை, மென்மை, கடைசலுக்கு வாகு. கர்நாடகத்தில் சன்னபட்டணத்துப் பொம்மைகளும் ஆந்திரத்தில் ஏட்டிகொப்பாக்கா பொம்மைகளும் இந்த மரத்தில் உருவானவை. ஒரு மரத்தை வெட்டிக் கடைசல் பிடிக்கிற ஊர்களுக்கு அதன் பெயர் தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது விறகுக்கும் வேலிக்கும் போய்க்கொண்டிருக்கிறது. தரிசைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் ஜேசிபி முதலில் பிடுங்குவதும் இந்தப் பயனற்ற புதர்களைத்தான். இலைக்குப் பெயர் தெரிந்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தால் ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். கணக்கு அவ்வளவுதான்.

ஆகவே இந்தச் சித்திரையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்க் கரட்டில் வெள்ளையாகப் பூத்த ஒரு பால் மரத்தைத் தேடி, பூவின் நடுவில் குஞ்சம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். காய் மாசியில் முற்றும், பங்குனி வெயிலில் வெடிக்கும். வெடிப்பதற்கு முன்பு நுனி ஒட்டிய காய்கள் சிலவற்றைச் சொந்த நிலத்து மரத்திலிருந்தோ, நிலத்துக்காரரைக் கேட்டோ எடுத்து நிழலில் காயவைத்தால் விதை கிடைக்கும். புதிய விதை பழைய விதையை விட நன்றாக முளைக்கும். அதனால் அடுத்த மழைக்குள் நட்டுவிடுங்கள்.